தொப்பை போட்ட இழைப்புளிகள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது மருந்து விஷயத்தில் சரிதான். விருந்து விஷயத்தில், மாப்பிள்ளை தன் மாமனார் வீட்டுக்கு இரண்டு வாரம் என்று சொல்லிக்கொண்டு வந்து, அதற்குள் இரண்டு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டான்.

அவன் வேலை பார்த்த பேரிங் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவு என்று ஒன்று இருந்தது. அடுத்தவர்கள் செய்து அனுப்பும் உருண்டைகளை அளந்து, "இது உருண்டை இல்லை" என்று திருப்பி அனுப்புவது அவன் உத்தியோகம். ஒரு தலைமுடியை நீளவாக்கில் பத்தாக வகிர்ந்து அதில் ஒன்றின் கனம் உருண்டையில் கூடியிருந்தாலும் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. இப்படி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியதாலோ என்னவோ, ஒருநாள் தொழிற்சாலையையே இழுத்து மூடினார்கள். "வேற வேலை கிடைக்கற வரைக்கும் எங்கப்பா வீட்ல இருக்கலாம்" என்றாள் மனைவி. உலகத்தில் எந்த ஆழத்தையும் கயிறு விட்டு அளக்கலாம், "வரைக்கும்" என்ற சொல்லின் ஆழத்தைத் தவிர.

மாமனார், ஓட்டுநர் உரிமம் கேட்டு வருபவர்களைப் பரீட்சை செய்யும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கு ஃபெயில் சார் என்று பெயர். முகத்துக்கு நேரே வெறும் சார். சொந்த மைத்துனரையே மூன்று தடவை ஃபெயிலாக்கியவர். அந்த மைத்துனர் வேறு ஊருக்குப் போய் உரிமம் வாங்கிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அங்கேயே குடியேறிவிட்டார். ஓய்வுக்குப் பிறகு ஃபெயிலாக்க ஆள் கிடைக்காமல் மாமனார், தச்சர்கள் மரம் இழைக்கும் பழைய இழைப்புளிகளைச் சேர்க்க ஆரம்பித்தார். இரும்பில் ஆனது, மரத்தில் ஆனது, உள்ளங்கைக்குள் அடங்குவது, கைக்குழந்தை நீளத்துக்கு இருப்பது. மூடிப்போன பட்டறைகள், காயலான் கடைகள், ஏலங்கள் என்று எங்கெங்கோ போய் அள்ளிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் ஒரு பலகையைக்கூட இழைத்தவரில்லை.

"இழைக்கறதுக்கு யாராலயும் முடியும்" என்பார். "வச்சிருக்கறதுக்குத்தான் ஒரு தகுதி வேணும்."

அவை குடியிருந்தது படுக்கை விரிப்பு வைக்கும் அலமாரியில். விரிப்புகள் பழைய சூட்கேஸில் நாடு கடத்தப்பட்டிருந்தன. மாமியார் அந்த அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொள்வாள், துரு ஒட்டிவிடும் என்று. "உங்க மாமாவோட சின்ன வீடுங்க" என்று மாப்பிள்ளையிடம் அறிமுகம் செய்துவைத்தவள் அவள்தான். "ஒண்ணே ஒண்ணு இருந்தா தலைமுடியப் பிடிச்சு சண்டை போடலாம். இத்தனை இருந்தா யாரோடன்னு போடறது, சொல்லுங்க?"

மாப்பிள்ளை மாட்டிக்கொண்டது ஒரு மத்தியானத்தில். வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேஜையில் செய்தித்தாள் பறக்காமல் இருக்க ஒரு இழைப்புளியை வைத்திருந்தார்கள். கை சும்மா இருக்கவில்லை. ஆப்பை அசைத்துப் பார்க்காமல் குரங்குக்கும் இருக்க முடியவில்லை என்றுதானே கதை. மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஓரத்தில் லேசாகத் துடைத்தான். துருவுக்கு அடியில் இருந்து சாம்பல் நிறத்தில் இரும்பு ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. நிமிர்ந்தால், பின்னால் மாமனார் நின்றிருந்தார். அவர் கண்ணிலும் அதே பளபளப்பு.

"ஏன் நிறுத்திட்டீங்க மாப்பிள்ளை?"

அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கழற்றுவது, துருவை ஊறவைத்துச் சுரண்டுவது, அலகை முகம் தெரியும் வரை தீட்டுவது எல்லாம் பிள்ளை விளையாட்டு. முக்கியமான வேலை அடிப்பாகம். பலகைமேல் ஓடுகிற அந்த அடி, தண்ணீர் மாதிரித் தட்டையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அலகு எவ்வளவு கூராக இருந்தும் பிரயோஜனமில்லை. அதற்கு மாப்பிள்ளை ஒரு ஏற்பாடு செய்திருந்தான். பழைய டிவி அலமாரியின் கண்ணாடிக் கதவைக் கழற்றி, அவர்கள் படுக்கையறையில் மனைவி கல்லூரிக் காலத்தில் படித்த நீள மேஜைமேல் போட்டு, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டினான். இழைப்புளியின் அடியில் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போடுவான். கண்ணாடிமேல் வைத்து முன்னும் பின்னும் தேய்ப்பான். மேடான இடத்தில் கோடு அழியும். பள்ளமான இடத்தில் நிற்கும். எல்லாக் கோடும் அழிந்தால் அடி தட்டை. பிறகு அதே மேஜையில் ஒரு மெல்லிய பலகையைப் போட்டு இழைத்துப் பார்ப்பான். சுருள், வெங்காயச் சருகு மாதிரி, ஊதினால் பறக்கிற கனத்தில் எழுந்து வரும். மாமனார் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ம்" என்பார். அந்த "ம்"முக்காக ஊரில் எத்தனையோ பேர் வண்டியைப் பின்னால் எடுத்துப் பின்னால் எடுத்துக் கழுத்து சுளுக்கியவர்கள்.

பாராட்டு என்பது ஒரு கம்பளி. குளிருக்கு இதமாக இருக்கும். போர்த்தியவர் நான்கு முனையையும் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்கும்போதுதான் மூச்சு முட்டும். வேலைக்கான பதில்கள் ஒன்றிரண்டு வந்தன. "இந்த நேரத்துல எப்படி மாப்பிள்ளை? நடுவுல விட்டா துரு திரும்பப் பிடிச்சிடுமே" என்றார் மாமனார். துருவுக்காக ஒரு வேலை போயிற்று. அலகு தீட்டும் கல் வர வேண்டுமே என்பதற்காக இன்னொன்று. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு ஆள் பக்கவாட்டில் மட்டுமே போக முடியும். ஜன்னலை மறைத்து மண்ணெண்ணெய் டப்பாக்கள். நல்ல காற்று வேண்டும் என்றால் மாமனார் குளிக்கப் போகும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய் சுவாசித்துவிட்டு வர வேண்டும். தலையணையில் இரும்புத் தூள்.

மனைவிக்கு வேறு ஊர் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே பிரிவில் வேலை கிடைத்தபோது, அவள் யாரையும் கேட்கவில்லை. போய் வீடு பார்த்து, முன்பணம் கொடுத்து, சாவியோடு வந்துதான் சொன்னாள்.

"சனிக்கிழமை காலைல வேன் வருது" என்றாள் அவனிடம், கதவைச் சாத்திவிட்டு. தனியாக இருக்கும்போது அவளுக்கு அவன் "நீ". அப்பா எதிரில் "இவரு". "ரெண்டு ரூம் வீடு. அலமாரி ஒண்ணுதான். அதுல துணி வைக்கறதா உத்தேசம். நீ வர்றியா?"

"என்ன கேள்வி இது? வர்றேன்."

"இதுக்கு முன்னாடியும் வர்றேன்னுதான் சொன்ன. அப்புறம் ஒரு குட்டி இழைப்புளிக்குக் காய்ச்சல்னு இருந்துட்ட. இந்தத் தடவை நீ வரலன்னா நான் திரும்பி வந்து கூப்பிட மாட்டேன். புரியுதா? கோவத்துல சொல்லல. அட்டைப்பெட்டி எத்தனை வாங்கணும்னு தெரியணும், அதுக்காகக் கேக்கறேன்."

அவள் கோபத்தில் சொல்லியிருந்தால் அவனுக்குப் பயம் வந்திருக்காது.

மாமனாரிடம் சொன்னபோது அவர் அதிர்ச்சி எதுவும் காட்டவில்லை. "தாராளமா போங்க. நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்?" என்றார். பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து எல்லாவற்றிலும் நீளமான இழைப்புளியை, பச்சைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துவந்தார். "இவன் ஒருத்தன் பாக்கி. இவனையும் முடிச்சுட்டா செட்டு முழுசாகும். வெள்ளிக்கிழமை நம்ம பல் டாக்டர் வர்றாரு. அவரு முன்னாடி ஒரு டெஸ்ட்டு. இந்தப் பலகை இருக்குல்ல, இந்தக் கோடியில ஆரம்பிச்சு அந்தக் கோடி வரைக்கும், நடுவுல அறுபடாம ஒரே சுருள். பாஸாயிட்டா போயிட்டே இருக்கலாம்."

"இவரு என்ன லைசென்ஸா எடுக்கறாரு?" என்றாள் மனைவி.

"எடுக்கட்டுமே. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை நாளாச்சு, ஒரு பரீட்சை வச்சிருப்பேனா?"

"ஆகாட்டி?"

"ஆகாட்டி என்ன, மறுபடி எழுதலாம். நான் யாரையும் ஒரு தடவையோட விட்டதில்லையே."

பல் டாக்டர், மாமனாரின் நண்பர், அவரும் இழைப்புளி சேர்ப்பவர், ஆகவே விரோதியும்கூட. அவர் எதிரில் தோற்பது என்பது மாமனாருக்கு நடக்காத காரியம். ஆக மாப்பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். இப்படி ஒரு ஒற்றுமை அந்த வீட்டில் அதற்கு முன் வந்ததில்லை.

நீள இழைப்புளியை அவன் இராப்பகலாகத் தேய்த்தான் என்று சொன்னால் மிகை. மாமியார் பகலில் மட்டும்தான் அந்தச் சத்தத்தை அனுமதித்தாள். வியாழக்கிழமை காலையில் கடைசிக் கோடும் அழிந்தது. பலகையை மேஜைமேல் போட்டுத் தள்ளினான். சுருள் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வந்து, அலுங்காமல் அவன் மடியில் விழுந்தது. பலகையையும் இழைப்புளியையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தான். டெஸ்ட்டுக்கென்று அங்கே சாப்பாட்டு மேஜையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். பழைய காலத்து மேஜை, யானை ஏறினாலும் அசையாது. ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தள்ளினான்.

முதலில் கடித்தது. நடுவில் வழுக்கிக்கொண்டு சும்மா போனது. கடைசியில் மறுபடி லேசாகக் கடித்தது. சுருளுக்குப் பதில் இரண்டு நறுக்கு.

அலகைப் பார்த்தான், கூர். திருகை ஒரு சுற்று சுற்றி அதை இறக்கினான்; தொடக்கத்தில் முரட்டுத்தனமாகக் கடித்து, நடுவில் அதே பட்டினி. படுக்கையறைக்கு எடுத்துக்கொண்டு போனான். அங்கே தேவதை மாதிரி ஓடியது. கூடத்துக்கு வந்தான், கழுதை. மறுபடி அறை, தேவதை.

"என்ன மாப்பிள்ளை, பலகைக்கு வீட்டைச் சுத்திக் காட்டறீங்களா?" என்றாள் மாமியார்.

அறையில் உட்கார்ந்து யோசித்தான். இழைப்புளி அதே. பலகை அதே. கையும் அதே கைதான். மாறுவது மேஜை மட்டும். அப்போது, அவன் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தான். இரும்பு ஸ்கேலை எடுத்து, உப்புத்தாளைக் கிழித்துவிட்டு, கண்ணாடியின்மேல் விளிம்பில் நிற்கும்படி நீளவாக்கில் வைத்து, கண்ணைக் கீழே வைத்துப் பார்த்தான்.

ஸ்கேலின் இரண்டு முனையும் கண்ணாடியைத் தொட்டன. நடுவில், அடியில், மெல்லிய நிலாப்பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தது.

கண்ணாடி தட்டையாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான். உருண்டையைச் சந்தேகப்பட்டவன், இரும்பைச் சந்தேகப்பட்டவன், மாமனாரின் சொல்லைக்கூட அவ்வப்போது சந்தேகப்பட்டவன், எதை வைத்து அளக்கிறோமோ அதை மட்டும் அளக்கவில்லை. அந்த மேஜையின் மேல்பலகை மெல்லிசு. நடுவில் தாங்க ஒரு குறுக்குச் சட்டம் இல்லை. மனைவி அதில் படித்ததைவிடத் தலை சாய்த்துத் தூங்கியது அதிகம். நடுவில் தொய்ந்திருந்தது. மேலே போட்ட கண்ணாடி, அவன் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க மேஜையோடு ஒத்துப்போய் வளைந்திருந்தது. பள்ளத்தில் தேய்த்த இரும்பு, பள்ளத்தின் அச்சாகத்தான் வரும். நீள இழைப்புளிக்கு நடுவில் தொப்பை விழுந்திருந்தது. அது மட்டுமா? அலமாரியில் இருந்த அத்தனைக்கும். மெல்லிய பலகையும் இந்த மேஜையில் கிடக்கும்போது மேஜையோடு சேர்ந்து தொய்ந்துகொள்வதால், இங்கே எல்லாமே எல்லாவற்றோடும் பொருந்தின. இந்த அறைக்குள் எல்லாம் சரி. வாசற்படி தாண்டினால் எதுவும் சரியில்லை.

சாயங்காலம் மனைவி வந்ததும் ஸ்கேலை நிறுத்திக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். எக்ஸ்ரே பார்த்துப் பழகிய கண், விளக்கம் கேட்கவில்லை.

"அதாவது அப்பாவோட சொத்து முழுக்கத் தொப்பை."

"தலைமுடி கனம்தான். ஆனா தொப்பை தொப்பைதானே."

"சொன்னா?"

"எல்லாத்தையும் திரும்ப முதல்லேர்ந்து செய்யணும். செய்யாம விடமாட்டாரு. இன்னும் ரெண்டு மழை, மூணு மழை."

"சொல்லாட்டி?"

"கூடத்து மேஜையில நாளைக்கு ஃபெயில்."

அவள் பெட்டியில் ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்போ கூடத்து மேஜை எதுக்கு? டெஸ்ட்டை இங்கயே வச்சுடு. வெளிச்சம் இங்கதான் நல்லாருக்குன்னு சொல்லு."

"அது ஏமாத்து வேலை."

"நீ இங்க உக்காந்திருக்கறது மட்டும் என்ன வேலையாம்?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் பல் டாக்டர் வந்தார். சிரிக்கும்போது தன் பல்லைக் காட்டமாட்டார். எதிராளியின் பல்லைப் பார்ப்பார். வெளிச்சத்தைக் காரணம் காட்டியதும் எல்லோரும் படுக்கையறைக்குள் வந்து அடைந்தார்கள். டாக்டர் கட்டிலில், மாமனார் நாற்காலியில், மாமியார் வாசல் நிலையில் சாய்ந்து, மனைவி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில். மூச்சு விட முறை வைக்க வேண்டிய நெருக்கம். மாப்பிள்ளை கண்ணாடியை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பலகையை மேஜைமேல் கிடத்தினான். நீள இழைப்புளியை அதன் கோடியில் வைத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினான்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரே சத்தம், பட்டுப் புடவையைக் கிழித்த மாதிரி. சுருள் எழுந்தது, வளைந்தது, வந்துகொண்டே இருந்தது. மறு கோடியில் முடிந்தபோது அது மாமனாரின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மாமனார் சுருளை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். அதன் வழியாகப் பல் டாக்டரின் முகம் தெரிந்தது; அவ்வளவு மெலிசு.

"பாஸ்" என்றார் மாமனார். அந்தச் சொல் அவர் வாயில் பழக்கமில்லாமல் தட்டுத் தடுமாறி வந்தது.

மனைவி அவனைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், கட்டைவிரலை உயர்த்தினாள். அவன் நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறக்கப் பார்த்தது.

"சார்" என்றார் பல் டாக்டர் தழதழத்து. "இந்தக் கையையா ஊருக்கு அனுப்பறீங்க?"

"யாரு அனுப்பறா?" என்றார் மாமனார்.

"மாமா, பாஸானா போகலாம்னு..."

"சொன்னேன். அது எல்லாரையும் ஃபெயிலாவாங்கன்னே நினைச்சு சொல்ற பழக்கம். மாப்பிள்ளை, லைசென்ஸ் எதுக்குக் குடுக்கறோம்? ஓட்டறதுக்கு. வாங்கி சட்டைப்பையில வச்சுட்டு ஊருக்குப் போறதுக்கா? உங்களுக்கு இப்பத்தான் லைசென்ஸ் வந்திருக்கு. இனிமேதான் வேலையே."

"எங்க வீட்டு கார் ஷெட்டு நிறைய இருக்கு மாப்பிள்ளை" என்றார் டாக்டர் ஆவலாக. "காரை வெளியதான் நிறுத்தறேன். ஒரு ஆறு மாசம் உங்களைக் குடுத்தா போதும்னு சார்கிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன்."

"குடுக்கறேன்னு சொல்லல. பேசலாம்" என்றார் மாமனார். "மொட்டை மாடியில ஒரு ஷெட்டு போட்டுடலாம். டாக்டரோடதையும் அங்கயே கொண்டுவரட்டும். பாப்பா லீவு கிடைக்கறப்போ வந்துட்டுப் போகட்டும். என்னம்மா, ரயில்ல ஒரு ராத்திரிதானே?"

மொட்டை மாடி. அவன் மூச்சு விடுவதற்கென்று வைத்திருந்த ஒரே இடம்.

மனைவி ஒட்டி முடித்திருந்த ஒரு பெட்டியின் டேப்பை நிதானமாகப் பிரித்தாள். உள்ளேயிருந்து அவனுடைய சட்டைகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக, மடிப்புக் கலையாமல், டாக்டருக்குப் பக்கத்தில் கட்டிலில் அடுக்கினாள். கோபமே இல்லை. கடையில் துணி காட்டுகிறவள் மாதிரி இருந்தாள். நீலம், கட்டம் போட்டது, கல்யாணத்துக்கு எடுத்தது. காலுறைகளும் வந்தன. பிறகு இடம் காலியான பெட்டியில் தன் தலையணையை வைத்தாள்.

மாப்பிள்ளைக்கு அப்போது ஒன்று விளங்கியது. தோற்றால் மறுபடி பரீட்சை. ஜெயித்தால் மொட்டை மாடி. இந்த வீட்டில் கெட்டிக்காரனுக்கு வெளியே போக வழி கிடையாது. எவனால் எதுவும் ஆகாது என்று தெரிகிறதோ, அவனுக்குத்தான் கதவைத் திறந்து விடுவார்கள்.

பலகையைக் கக்கத்தில் இடுக்கினான். இழைப்புளியை எடுத்தான். "கொஞ்சம் கூடத்துக்கு வாங்க மாமா."

"அதான் பாஸ்னு சொல்லியாச்சே."

"வாங்க."

எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் பலகையைப் போட்டான். தள்ளினான். கடித்தது, வழுக்கியது, கடித்தது. இரண்டு நறுக்கு, மேஜையில் வெட்டிப்போட்ட நகம் மாதிரிக் கிடந்தன.

"கை நடுங்குது உங்களுக்கு" என்றார் மாமனார். "இன்னொரு தடவை."

இன்னொரு தடவை தள்ளினான். இன்னும் இரண்டு நறுக்கு. பிறகு இழைப்புளியைத் திருப்பி, அடியில் ஸ்கேலை வைத்து, ஜன்னலுக்கு நேரே பிடித்தான். ஸ்கேல் நடுவில் உட்கார்ந்து, தராசுக்கோல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. முனைகளில் வெளிச்சம் ஒழுகியது.

"நான் தேய்ச்ச கண்ணாடி தொய்ஞ்சு போயிருக்கு மாமா. அதனால இதுக்கு நடுவுல தொப்பை. அந்த மேஜையில மட்டும்தான் ஓடும்."

"இதுக்கு" என்றார் மாமனார்.

"எல்லாத்துக்கும்."

மாமனார் அலமாரிக்குப் போனார். ஒன்றை எடுத்தார், ஸ்கேலை வைத்தார், ஆடியது. அடுத்ததை எடுத்தார். அதுவும் ஆடியது. அவர் அவசரப்படவில்லை, ஒரு கூட்டத்தையே வரிசையில் நிறுத்தி ஃபெயிலாக்கிப் பழகியவர். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்குமா வயித்துல இருக்கு?" என்றாள். பல் டாக்டர், தன் கார் ஷெட்டு தப்பித்ததை நினைத்தோ என்னவோ, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல சார்" என்றார். "மாப்பிள்ளை ஊருக்குப் போறதுன்னா போகட்டும்."

மாமனார் கடைசியாக எடுத்த குட்டி இழைப்புளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் மாப்பிள்ளை தாங்கியிருப்பான். இருந்தது வேறு, பெரிய கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த ஆளின் முகம்.

"சரி பண்ண முடியுமா?" என்றார். குரலில் சாரும் இல்லை, ஃபெயிலும் இல்லை.

முடியும். மாப்பிள்ளைக்கு அது நாக்கு நுனியில் இருந்தது. சமையல் மேடைக்குப் போடும் கருங்கல் பலகை, கல் அறுக்கும் இடத்தில் மெஷினில் தேய்த்தது, ஒன்று கிடைத்தால் போதும். தலைமுடி கனத் தொப்பைதான், கரைந்துவிடும். எந்த நம்பர் உப்புத்தாளில் ஆரம்பிக்க வேண்டும் என்பதுகூடத் தெரியும். விரல்கள் ஏற்கெனவே தேய்க்க ஆரம்பித்திருந்தன, பேண்ட் பைக்குள். மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் அவனைத் தூண்டவில்லை, தடுக்கவில்லை. கையில் டேப் சுருளை வைத்துக்கொண்டு, அதன் முனை எங்கே என்று நகத்தால் தேடிக்கொண்டிருந்தாள்.

"தெரியாது மாமா" என்றான்.

இப்படி ஒரு வாக்கியம் சொல்லத் தொண்டைக்குள் இத்தனை இடம் வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஒரு நல்ல கருங்கல்லு மேல வச்சுத் தேய்ச்சா சரியாயிடாதோ?" என்றார் பல் டாக்டர். இத்தனை நேரம் ஒன்றும் தெரியாதவர் போல இருந்த மனுஷன். "மெஷின்ல தட்டையாக்கின கல்லு கிடைக்குதே?"

மாமனாரின் தலை நிமிர்ந்தது. மாப்பிள்ளை டாக்டரை நேராகப் பார்த்தான். அளவு பார்க்கும் பிரிவில் எத்தனை வருஷம் இருந்தும், சரியான உருண்டையைத் தப்பு என்று ஒருநாளும் திருப்பி அனுப்பியவனில்லை.

"அது சரிப்படாது டாக்டர்" என்றான். "கல்லுல தேய்ச்சா இன்னும் கெட்டுப் போயிடும்."

"அப்படியா?"

"அதெல்லாம் பல்லுக்கு சரியா வரும்ங்க டாக்டர்" என்றாள் மனைவி. "இரும்புக்கு வராது. இவருக்கு அந்த அளவுக்கு இதெல்லாம் தெரியாது. சும்மா பொழுதுபோகாம செஞ்சது."

சும்மா பொழுதுபோகாம. மாப்பிள்ளை அந்த வார்த்தைகளைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டான். தலை ஆட ஆட, கழுத்துக்குக் கீழே இருந்த ஆள் யாரோ எழுந்து வெளியே போய்விட்டது போலிருந்தது.

மாமனார் குட்டி இழைப்புளியை மேஜையில் வைத்தார். "ஃபெயில்" என்றார். ஒரு விநாடி கழித்து, தன் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: "மறுபடி வர வேண்டாம்."

மாமியார் அடுக்களைக்குப் போகும்போது மாப்பிள்ளையின் தோளை ஒருமுறை தட்டிவிட்டுப் போனாள். ஆறுதலா, வாழ்த்தா, அதை நின்று சொல்ல அவளுக்கு நேரம் இல்லை. சூட்கேஸிலிருந்து படுக்கை விரிப்புகளை எடுத்து உதறும் சத்தம் கொஞ்ச நேரத்தில் கேட்டது.

சனிக்கிழமை வேன் வந்தது. சாமான் ஏற்றியதில் பின்னால் ஈ நுழைய இடமில்லை. ஆகவே முன் இருக்கையில் மூன்று பேர்: டிரைவர், மனைவி, கதவோரம் மாப்பிள்ளை. மடியில் ஒரு அட்டைப்பெட்டி, அதன்மேல் மேஜை விளக்கு, காலுக்கடியில் பக்கெட். கையை எடுத்து மூக்கைச் சொறிய வேண்டும் என்றால்கூட மூன்று பேரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். வாசலில் மாமியார் கையசைத்தாள். மாமனார் மாடி ஜன்னலில் இருந்தார். நீள இழைப்புளியைத் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேல் இல்லாமல், வெறும் கண்ணால். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளையின் கை பெட்டிக்கு அடியில் துடித்தது; வெளியே எடுக்க இடமில்லை. வேன் திரும்பியது.

ஊர் தாண்டிய பிறகு டிரைவர் பேச்சுக் கொடுத்தார்.

"பின் கதவை சாத்தறதுக்குள்ள உசுரு போயிடுச்சு, பாத்தீங்களா சார்? மரச்சட்டம். மழைத்தண்ணி பட்டு ஊதிக்கிச்சு. ஒரு ஓரத்துல நாலு இழுப்பு இழைச்சு விட்டா போதும், ஜம்முனு மூடும். ஆனா அதுக்கு ஒரு ஆளு அகப்பட மாட்டேங்குதே. தச்சரு ரெண்டு பேருகிட்ட கேட்டேன். புதுக் கதவு போடுன்றாங்க."

மாப்பிள்ளை முன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தான். ஓரத்தில் எந்த ஓரம் என்று கேட்க வேண்டும். கீல் பக்கமா, தாழ்ப்பாள் பக்கமா. சட்டத்தின் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது.

"சார், உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா?"

மாப்பிள்ளை வாயைத் திறந்தான்.

மனைவி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், மாமியார் வழிக்குக் கொடுத்துவிட்ட பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து, அந்த வாயில் ஒன்றை வைத்தாள். அவன் மென்றான். முடித்து மறுபடி திறந்தபோது அடுத்தது தயாராக இருந்தது.